ஒரே பெட்டியில் இரண்டு இயங்குதளம்: ஃபார்மட் ஒன்றுதான் மருந்தா?

கணிப்பொறி என்பது கணிப்பொறியியல் துறைக்கு மட்டுமே உரிய பொருளாக இருந்த காலம் மலையேறிவிட்டது. தமிழிலக்கியம் பயில்வோர் தம் கட்டுரையை அதில்தான் தட்டச்சு செய்கின்றனர். வணிகவியல் பயில்வோர் கணக்கை அதில்தான் போடுகின்றனர். வரலாறு பயிலும் எங்களுக்கோ கல்வெட்டுப் படங்களும் களப்பணிக் குறிப்புகளும் குடியிருப்பது அதற்குள்ளேதான். ஆயினும், பொத்தானை அழுத்தியது முதல் திரையில் படம் தோன்றும் வரையிலான அந்த அரை நிமிடத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் விழிக்கின்றோம். அந்த அரை நிமிடத்தைப் பற்றியதே இக்கட்டுரை. வரலாற்று மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்போருக்கு விடை கட்டுரையின் போக்கிலேயே கிடைக்கும்.

விண்டோஸ், லினக்ஸ் என்னும் இரண்டு இயங்குதளங்களையும் ஒரே கணிப்பொறியில் வைத்திருப்பது நமக்குப் புதிய பழக்கம் அன்று. 2011ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில், மாணவர் கைக்கு வந்த பெட்டிகளில் விண்டோஸும் இருந்தது; பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் டெபியன் என்னும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007இல் முதன்முதலாக வெளியிட்ட இயங்குதளம். அரசுப் பள்ளியில் பயின்ற ஒரு தலைமுறை, கணிப்பொறி என்றாலே தொடக்கத்தில் இரண்டு வரி காட்டி ‘எது வேண்டும்?’ என்று கேட்கும் பொருள்தான் என்று நம்பி வளர்ந்தது. அந்தக் கேள்விக்குப் பொருள் என்ன என்று மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

இப்போது அப்பழக்கம் வேறு காரணத்தால் மீண்டும் பரவுகிறது. 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10க்கான பொதுப் பராமரிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11ஓ, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய பிராசஸரும் கேட்கிறது. அண்ணனிடமிருந்து தம்பிக்கு வந்த மடிக்கணினிக்கு அத்தகுதி ஏது? பழையதை விடவும் மனமில்லை, புதியது வாங்கவும் பணமில்லை என்னும் நிலையில் உள்ளோர், இருக்கும் விண்டோஸை அப்படியே வைத்துவிட்டுப் பக்கத்தில் லினக்ஸ் ஒன்றை ஏற்றிக்கொள்கின்றனர். இது நல்ல முடிவே. தொல்லை பிறகுதான் வருகிறது. ஒருநாள் காலை பெட்டி எழ மறுக்கிறது. கருந்திரையில் ஏதோ ஒரு வரி நிற்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறோம். கடைக்காரர் ஒரே ஒரு சொல் சொல்கிறார்: “ஃபார்மட் பண்ணணும்.”

அச்சொல்லுக்கு எதிராகத்தான் நான் எழுதுகிறேன்.

முதலில் ‘பூட்’ என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அச்சொல்லைக் கேட்டவுடன் காலணி நினைவுக்கு வருவதில் தவறில்லை; அது அங்கிருந்துதான் வந்தது. உயரமான காலணியின் மேல்விளிம்பில் இழுத்து மாட்டுவதற்கென்று ஒரு வார் இருக்கும். அந்த வாரைத் தானே பற்றியிழுத்துத் தன்னைத் தானே உயரத் தூக்கிக்கொள்வது என்பது ஆங்கில வழக்கில் நடவாத செயலுக்கு எடுத்துக்காட்டு. கணிப்பொறி எழுவதும் அத்தகைய விந்தையே. ஒரு நிரலை நினைவகத்தில் ஏற்ற இன்னொரு நிரல் வேண்டும். அந்த நிரலை ஏற்றுவது யார்? இக்கேள்விக்கு விடையாகத்தான் சிறியது பெரியதை எழுப்பும் ஒரு சங்கிலியை அமைத்தனர். நம் உழவர் ‘ஏர் பூட்டுதல்’ என்பது ஒலியளவில் தற்செயலான ஒற்றுமைதான். ஆயினும் பொருள் எவ்வளவு பொருந்தி வருகிறது பாருங்கள்! மாடு கொட்டிலில் நன்றாகவே இருக்கலாம். ஏரும் நன்றாகவே இருக்கலாம். நுகத்தில் பூட்டாதவரை நிலம் உழப்படுவதில்லை.

பெட்டிக்கு மின்சாரம் பாய்ந்ததும் முதலில் விழிப்பது விண்டோஸும் அன்று, லினக்ஸும் அன்று. தாய்ப்பலகையில் பதிந்துள்ள ஒரு சில்லில் இருக்கும் சிறு நிரலே முதலில் விழிக்கிறது. பழைய பெட்டிகளில் அதற்குப் பயாஸ் என்று பெயர். அது நினைவகம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஹார்ட் டிஸ்க்கின் முதற்பகுதியான 512 பைட்டுகளை மட்டும் படிக்கும். மொத்தமே 512 பைட்டுகள்! அதில் 446 பைட்டுகள் அடுத்ததை எழுப்பும் நிரலுக்கு. 64 பைட்டுகள் வட்டில் எந்தப் பிரிவு எங்கே தொடங்குகிறது என்னும் அட்டவணைக்கு. கடைசி 2 பைட்டுகள் ‘இது செல்லும்’ என்பதற்கான அடையாளத்துக்கு. 1983இல் ஐ.பி.எம். எக்ஸ்.டி. கணிப்பொறியுடனும் டாஸ் 2.0 உடனும் வந்த ஏற்பாடு இது. நான்கு பிரிவுகளுக்கு மேல் அட்டவணையில் இடமில்லை என்பது அன்று யாருக்கும் குறையாகப் படவில்லை போலும்.

இந்த 446 பைட்டுகள்தாம் பல ஆண்டுகளாக நடந்த வழக்குக்கெல்லாம் மூலம். லினக்ஸை நிறுவும்போது, ‘க்ரப்’ என்னும் நிரலின் முதல் துண்டு அவ்விடத்தில் எழுதப்படும். அது வட்டிலுள்ள தன் மற்றத் துண்டுகளைத் தேடிச் சென்று, ‘லினக்ஸா, விண்டோஸா?’ என்னும் பட்டியலைக் காட்டும். அதே பெட்டியில் பின்னர் விண்டோஸை மீண்டும் நிறுவினால், விண்டோஸ் யாரையும் கேளாமல் அவ்விடத்தில் தன் துண்டை எழுதிவிடும். வீட்டின் ஒரு பகுதிக்குக் குடிவந்தவர், வாசலில் இருந்த இருவர் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டுத் தம் பெயரை மட்டும் மாட்டிக்கொள்வதைப் போல. பக்கத்து வீட்டுக்காரர் உள்ளேதான் இருக்கிறார். அவர் சட்டிபானையும் அப்படியே இருக்கிறது. வாசலில் பெயர் இல்லை, அவ்வளவே. ஆனால் ‘லினக்ஸ் அழிந்துவிட்டது’ என்று ஓலம் எழுகிறது!

என்னுடன் பயின்ற ஒருவருக்கு நேர்ந்தது இதன் மறுபுறம். அவரிடம் இருந்தது பழைய முறைப் பெட்டி. இடம் போதவில்லை என்று விண்டோஸுக்குள் இருந்தபடியே லினக்ஸ் இருந்த பிரிவை நீக்கினார். அன்று மாலை வரை எல்லாம் நலம். மறுநாள் பெட்டியைத் திறந்தால், அப்படியொரு பிரிவே இல்லை என்னும் செய்தியும், அதன்கீழ் ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்னும் வரியும் நின்றன. என்ன நடந்தது என்பது இப்போது உங்களுக்கே விளங்கும். வாசலில் இருந்த க்ரப்பின் முதல் துண்டு அப்படியே இருக்கிறது. அது தேடிப்போகும் மற்றத் துண்டுகள் நீக்கப்பட்ட பிரிவோடு போய்விட்டன. விண்டோஸுக்கு ஒரு கீறலும் இல்லை. விண்டோஸ் நிறுவும் பென் டிரைவைச் செருகி, பழுதுநீக்கும் பகுதிக்குள் சென்று, கட்டளைத் திரையில் ‘பூட்ரெக்’ நிரலைக் கொண்டு முதற்பகுதியைத் திருத்தினால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அவர் கடைக்குப் போனார். கடையில் வட்டையே ஃபார்மட் செய்து புது விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தார்கள். மூன்று மாதமாக ஊர் ஊராகப் போய் முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்த ஏரிப்பாசனச் செய்திகள் அத்தனையும் அதில் இருந்தன. மறுபடியும் போய்க் கேட்கலாமே என்பீர்கள். கேட்டார். அவர்களுள் இருவர் அதற்குள் காலமாகியிருந்தனர்.

இதனால் கடைக்காரர்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மேசைமேல் பத்துப் பெட்டிகள் வரிசையில் நிற்கின்றன. ஃபார்மட் செய்ய மூளை வேண்டியதில்லை. பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். கோளாறைத் தேட ஒரு மணி நேரம் ஆனாலும் கிடைக்கும் கூலி ஒன்றே. தேடிக் கண்டுபிடித்தாலும், ‘அஞ்சு நிமிஷ வேலைக்கு இவ்வளவா?’ என்று பேரம் பேசுவோர் நாம்தாமே! அறிவுக்குக் கூலி தர நமக்கு மனம் வருவதில்லை. நேரத்துக்கும் பொருளுக்கும் மட்டுமே தருகிறோம். ஆயினும், ‘உள்ளே முக்கியமான ஏதேனும் இருக்கிறதா?’ என்னும் ஒரு கேள்வியைக் கேட்பதற்கு எவ்வளவு நேரமாகும்? அதைக் கூடக் கேளாமல் வட்டைத் துடைப்பவரை என்னால் மன்னிக்க இயலவில்லை.

புதிய பெட்டிகளின் கதை வேறு. இண்டெல் நிறுவனம் தொடங்கி, 2005இல் பல நிறுவனங்கள் கூடி அமைத்த மன்றத்தின் பொறுப்புக்கு வந்த யூ.ஈ.எஃப்.ஐ. என்னும் முறை பயாஸின் இடத்தைப் பிடித்துவிட்டது. இதில் 512 பைட்டுகளுக்கான சண்டை இல்லை. வட்டில் தனியாக ஒரு சிறு பிரிவு. அதற்குள் விண்டோஸுக்கு ஒரு கோப்புறை, உபுண்டுக்கு ஒரு கோப்புறை. யாரும் யாரையும் அழிக்க வேண்டியதில்லை. முதலில் யாரை எழுப்புவது என்னும் வரிசை மட்டும் தாய்ப்பலகையின் நினைவில் இருக்கும். விண்டோஸின் பெரிய புதுப்பிப்புகள் சிலவேளை அவ்வரிசையில் தம்மை முதலிடத்தில் வைத்துக்கொள்கின்றன. சில நிறுவனப் பெட்டிகளோ, என்ன சொன்னாலும் விண்டோஸைத்தான் முதலில் எழுப்புவேன் என்று அடம் பிடிக்கின்றன. பெட்டி நேராக விண்டோஸுக்குள் போய்விட்டால், லினக்ஸ் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டா. விழுப்புரம் சந்திப்பில் கட்டையை மாற்றிப் போட்டதால் மயிலாடுதுறை போக வேண்டிய வண்டி விருத்தாசலம் வழியாகப் போகிறது என்றால், மயிலாடுதுறைப் பாதையைப் பெயர்த்துவிட்டார்கள் என்றா பொருள்? பெட்டியைத் திறக்கும்போதே எஃப் 12, எஃப் 9, எஸ்கேப் என்று அந்தந்த நிறுவனம் வைத்திருக்கும் விசையை அழுத்தினால் இரண்டு பெயரும் வரும். உபுண்டு என்பதைத் தேர்ந்து உள்ளே போய், வரிசையைத் திருத்திக்கொள்ளலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நண்பர்கள் வாய்வழியாகப் பரிமாறிக்கொள்ளும் மருந்துகளில் பாதி, பழைய முறைக்கு உரியவை. முன்பு சொன்ன முதற்பகுதியைத் திருத்தும் கட்டளையைப் புதிய முறைப் பெட்டியில் நூறு தடவை இட்டாலும் பயனில்லை. அப்பெட்டி அவ்விடத்தைப் பார்ப்பதே இல்லை. புதிய பெட்டியில் விண்டோஸின் எழுப்பு கோப்புகள் சிதைந்திருந்தால் ‘பி.சி.டி.பூட்’ என்னும் வேறொரு கட்டளையே அவற்றை மறுபடி எழுதும். ஆகவே முதற்கேள்வி, ‘என்ன கட்டளை?’ என்பதாக இருக்கக் கூடாது. ‘என் பெட்டி எந்த முறை? எந்த இடத்தில் நின்றுவிட்டது?’ என்பதாக இருக்க வேண்டும்.

நின்ற இடமே நோயைச் சொல்லும். எழுப்பத்தக்க வட்டு எதுவும் இல்லை என்று செய்தி வந்தால், அமைப்புத் திரைக்குள் சென்று வட்டின் பெயர் அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால்தான் வட்டுக்கோ இணைப்புக்கோ பழுது. அப்போது கடைக்குப் போவது முறை. பெயர் தெரிந்தால், வழிகாட்டிதான் தொலைந்திருக்கிறது. க்ரப் பட்டியல் வருகிறது, ஆனால் அதில் விண்டோஸைக் காணோம் என்றால், அதற்கும் அஞ்ச வேண்டா. 2021இல் வெளியான க்ரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் வழக்கத்தைப் பாதுகாப்புக் கருதி இயல்பாகவே நிறுத்தி வைத்தனர். லினக்ஸுக்குள் சென்று, க்ரப்பின் அமைப்புக் கோப்பில் ‘ஓ.எஸ்.-புரோபர்’ குறித்த வரியை மாற்றி, பட்டியலைப் புதுப்பித்தால் விண்டோஸ் தன் இடத்துக்கு வந்துவிடும். பட்டியலில் லினக்ஸைத் தேர்ந்த பிறகு திரை இருண்டு நின்றால், அது எழுப்புவதில் வந்த கோளாறே அன்று; பெரும்பாலும் திரையட்டையின் டிரைவரில் வந்தது. ‘நோமோட்செட்’ என்னும் சொல்லைத் தொடக்க வரியில் சேர்த்து எழுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இவற்றையெல்லாம்விட முதன்மையானது ஒன்று உண்டு. எதைத் திருத்துவதற்கும் முன்பு, உள்ளதை வெளியே எடுத்துவிடுங்கள். 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் உபுண்டு போன்ற லினக்ஸை எழுதி, அதிலிருந்தே பெட்டியை எழுப்பலாம். ‘நிறுவு’ என்பதைத் தொடாமல், ‘செய்து பார்’ என்பதை மட்டும் தேர்ந்தால், வட்டில் எதுவும் எழுதப்படாது. உங்கள் கோப்புறைகள் கண்முன் நிற்கும். இன்னொரு பென் டிரைவில் படியெடுத்துக்கொண்டு, பிறகு துணிவாகப் பழுது பாருங்கள். அதன்பின் ஃபார்மட்டே ஆனாலும் என்ன நட்டம்?

புதிய பெட்டிகளில் ஒரு தடை மட்டும் குறுக்கிடலாம். பிட்லாக்கர் என்னும் பூட்டு போடப்பட்டிருந்தால் வெளியிலிருந்து வருவோர்க்கு வட்டு திறவாது. 48 இலக்க மீட்பு எண் கேட்கும். நாம் போடாமலே அப்பூட்டு போடப்பட்டிருக்கக் கூடும் என்பதுதான் வேடிக்கை! மைக்ரோசாஃப்ட் கணக்குடன் விண்டோஸ் 11ஐத் தொடங்கும் பல பெட்டிகளில் அது தானாகவே பூட்டிக்கொள்கிறது. அமைப்புத் திரையில் ஏதேனும் ஒன்றை மாற்றினால், ‘நீ யார்?’ என்று நம்மையே கேட்கிறது. அந்த எண் பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். ஆனால் அக்கணக்கைத் திறந்து கொடுத்தவர் கடைக்காரர். கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை என்றால் அந்த வட்டை எவராலும் திறக்க முடியாது. லினக்ஸைப் பக்கத்தில் ஏற்ற நினைப்போர், அதற்கு முந்தின நாளே அவ்வெண்ணைத் தாளில் எழுதிப் பெட்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளட்டும்.

‘இவ்வளவு தொல்லை எதற்கு? ஒன்றோடு நின்றுகொள்ளலாமே!’ என்பாரும் உளர். அவர்கள் கூற்றில் நியாயமே இல்லையென்று தள்ளிவிட முடியாது. 2024 ஆகஸ்ட் 13ஆம் நாள் நடந்ததை நினைவுகூர்வோம். அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பு, பழைய, ஓட்டையுள்ள க்ரப் நிரல்களை இனி எழுப்பக் கூடாது என்னும் கட்டளையைப் பெட்டிகளின் தாய்ப்பலகைக்குள் எழுதியது. இரண்டு இயங்குதளம் உள்ள பெட்டிகளில் இக்கட்டளை எழுதப்படாது என்று அந்நிறுவனம் முன்பே கூறியிருந்தது. ஆனால் அப்படிப்பட்ட பெட்டிகள் எவை என்று கண்டுகொள்வதில் அதன் நிரல் தவறிவிட்டது. மறுநாள் லினக்ஸைத் திறந்த பலருக்கு, ஏதோ பெருந்தவறு நேர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டி அணைந்துபோனது. செக்யூர் பூட் என்னும் கையொப்பச் சோதனையை அமைப்புத் திரையில் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுக்குள் சென்று, அக்கட்டளையை நீக்கி, மறுபடி சோதனையை இயக்குவதே அப்போதைய மாற்றுவழி. நிறுவனமே முழுத் தீர்வு தந்தது 2025 மே மாதத்தில். ஏறத்தாழ ஒன்பது மாதம்!

இதில் ஒரு தரப்பை மட்டும் பழிப்பது நேர்மையாகாது. க்ரப்பில் இருந்த ஓட்டை உண்மையானது, 2022இலேயே வெளிவந்தது. அதை அடைத்த புதிய நிரலைத் தம் பயனருக்குச் சேர்ப்பதில் லினக்ஸ் வெளியீட்டாருள்ளும் சிலர் தாமதித்தனர். எனினும், ‘இந்த வீட்டில் நான் மட்டுமே குடியிருக்கிறேன்’ என்னும் எண்ணத்தோடு ஒரு மென்பொருள் எழுதப்படுவது இது முதன்முறையன்று. 2012இல் விண்டோஸ் 8 கொண்டுவந்த ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ ஏற்பாட்டையே பாருங்கள். பெட்டியை அணைத்தோம் என்று நாம் நினைக்கிறோம். விண்டோஸோ உள்ளே பாதி உறங்கியபடி இருக்கிறது. அந்நேரத்தில் லினக்ஸ் வந்து விண்டோஸ் பிரிவில் எழுத முயன்றால் கோப்புகள் சிதையும் என்பதால், லினக்ஸ் அப்பிரிவைப் படிக்க மட்டுமே திறக்கிறது, அல்லது திறக்கவே மறுக்கிறது. ‘ஷட் டவுன்’ கொடுத்தால் அணையாமல், ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் முழுமையாக அணைந்து எழும் விந்தையை யாரிடம் சொல்லி அழுவது! விண்டோஸின் மின் அமைப்புப் பக்கத்தில் அதை நிறுத்திவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இத்தனை இருந்தும் இரண்டையும் வைத்திருப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். காரணம் எளியது. வங்கித் தேர்வுக்கும் அரசு அலுவலகப் படிவத்துக்கும் பயன்படும் மென்பொருள் பலவும் விண்டோஸில் மட்டுமே ஓடுகிறது; அதை விட்டுவிட நம்மால் இயலாது. புதுப்பிப்பு நின்றுபோன விண்டோஸில் இணையத்தில் உலவுவதும் தகாது. அதற்கு லினக்ஸ் வேண்டும். ஏழை மாணவர்க்கு இரண்டு பெட்டி வாங்க வழியில்லை. ஆகவே ஒரே பெட்டி இருவருக்கும் வீடாகத்தான் வேண்டும். கூட்டுக்குடித்தனத்தில் சச்சரவு வரும் என்பதற்காக ஒரு குடும்பத்தைத் தெருவில் விடுவதா?

ஆனால் லினக்ஸ் ஆர்வலர்களிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. முகாம் நடத்துகிறார்கள்; ஒரே நாளில் நாற்பது பெட்டிகளில் ஏற்றிக் கொடுக்கிறார்கள்; கைதட்டலுடன் கூட்டம் முடிகிறது. இரண்டு மாதம் கழித்துப் பெட்டி எழாமற்போகும்போது அம்முகாமுக்கு வந்த முதலாண்டு மாணவிக்குத் துணை யார்? ஏற்றிக் கொடுப்பவர், எந்தப் பிரிவில் எது இருக்கிறது, எந்த விசையை அழுத்தினால் தேர்வுப் பட்டியல் வரும், மீட்பு எண் எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அது இல்லாத முகாம் விளம்பரமே அன்றி உதவியன்று.

கல்லூரி நிருவாகத்துக்கும் ஒரு விண்ணப்பம். இதற்கென்று புதிய பாடத்திட்டமோ, நிதி ஒதுக்கீடோ வேண்டா. நூலக மேசையில் இரண்டு பென் டிரைவுகள் இருந்தால் போதும்: ஒன்றில் லினக்ஸ், மற்றொன்றில் மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் கட்டணமின்றித் தரும் விண்டோஸ் நிறுவும் கோப்பு. நூலை எடுத்துச் செல்வதைப் போலவே ஏட்டில் கையொப்பமிட்டு எடுத்துச் சென்று மறுநாள் திருப்பிக் கொடுக்கலாம். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், எந்தத் துறை மாணவர் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்து, ஆய்வகத்திலுள்ள பழைய பெட்டி ஒன்றின் க்ரப்பை வேண்டுமென்றே கெடுத்துக் காட்டி, பின் சரிசெய்தும் காட்டட்டும். கெட்டது சரியாவதை ஒருமுறை கண்ணால் கண்டவர், கருந்திரையைக் கண்டு கடைக்கு ஓடமாட்டார்.

எல்லாம் சரியாகிப் பெட்டி எழுந்த பிறகு, விண்டோஸின் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்பதைப் பார்த்து மறுபடியும் கலங்குவோரும் உண்டு. பழுது பார்த்ததில் ஏதோ கெட்டுவிட்டது என்று எண்ணுகின்றனர். அப்படியன்று. தாய்ப்பலகைக் கடிகாரத்தில் இருப்பது நம்மூர் நேரம் என்று விண்டோஸ் கொள்கிறது; உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் கொள்கிறது. இரண்டுக்கும் இடையே நம் நாட்டில் 5 மணி 30 நிமிடம். லினக்ஸில் ‘டைம்டேட்சிடிஎல்’ என்னும் கட்டளையால், நம்மூர் நேரத்தையே கொள் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் இரண்டும் ஒரே மணி காட்டும்.